இடப்பக்கம் செம்பட்டை

அத்தையின் தலையில் வலப்பக்கம் அடர் பழுப்பு, இடப்பக்கம் செம்பட்டை. நடுவகிடு எடுத்துப் பார்த்தால் இரண்டு பேரின் தலையைக் கொண்டுவந்து ஒட்டவைத்தது போலிருந்தது. மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். கலக்கிக் கொடுத்தவன் நான்.

ஒரே பெட்டி, ஒரே டியூப், ஒரே பாட்டில்தான். முதலில் டியூபில் பாதியைப் பிதுக்கி, பாட்டிலில் பாதியை ஊற்றிக் கலக்கினேன். அப்படித்தான் நினைத்தேன். வலப்பக்கம் முடிந்ததும் கிண்ணம் காலி. மிச்சமிருந்த டியூபை வழித்தெடுத்து, பாட்டிலைக் கவிழ்த்து, இரண்டாவது கிண்ணம் தயாரித்தேன். அது முதல் கிண்ணத்தைவிடச் சற்று நீர்த்திருந்தது. தெரிந்தே விட்டுவிட்டேன்.

“சாம்பாருக்கு அளந்தா உப்பு போடறேன்? கண்ணு பார்த்தா கை செய்யாதா? இதுல என்னடா பெரிய கணக்கு?” என்று அத்தைதான் முதலில் தைரியம் சொன்னார். கண்ணாடியைப் பார்த்த பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சாம்பாரில் கண்ணளவு செல்லுபடியாவதற்குக் காரணம், நடுவில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கலாம் என்பதுதான். உப்பு குறைந்தால் போடலாம், கூடினால் கொஞ்சம் தண்ணீரோ உருளைக்கிழங்கோ காப்பாற்றும். தலைச்சாயத்தில் ருசி பார்க்க வழியில்லை. டியூபிலிருந்து வரும் பசை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். பாட்டிலில் இருக்கும் டெவலப்பர் பால்போல இருக்கும். இரண்டையும் கலக்கினால் கிடைப்பதும் ஏறக்குறைய வெள்ளைதான். எந்த நிறம் வரப்போகிறது என்பதற்கு அந்த நேரத்தில் கிண்ணத்தில் சாட்சியே கிடையாது. அரை மணி கழித்து அது தெரியும்போது திருத்துகிற காலம் போயிருக்கும்.

தமிழில் நாம் ‘டை அடிப்பது’ என்கிறோம். சுண்ணாம்பு அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், டையும் அடிக்கிறோம். இந்த வினைச்சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கட்சி. பெயின்ட் டப்பாவைத் திறந்தால் உள்ளே இருக்கும் நிறம்தான் சுவரில் வரும். கொஞ்சம் தண்ணீர் கூடினால் இரண்டு கோட் அடிக்கலாம். தலைச்சாய டியூபுக்குள் நிறமே இல்லை, நிறத்துக்கான மூலப்பொருள்கள் மட்டுமே இருக்கின்றன. சாயம் உருவாவது தலைமுடிக்கு உள்ளே.

இந்த வித்தையின் முதல் துப்பு 1863-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன், பாராபினைலீன் டைஅமீன் என்ற பொருள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பழுப்பாகிறது என்று கவனித்தார். இவருடைய மாணவர்தான், அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1856-இல், தன் 18-ஆவது வயதில் முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றான மாவீனைக் கண்டுபிடித்த வில்லியம் பெர்கின். பெர்கினின் சாயம் துணிக்குப் போனது. ஆசிரியரின் பழுப்பு தலைக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷூலர் 1907-இல் ஒரு தலைச்சாயத்தை உருவாக்கி, 1909-இல் கம்பெனி தொடங்கினார். இன்று லோரியால் என்று உலகம் அறிந்தது அதுதான்.

ஹோஃப்மனின் அந்தப் பொருளைச் சுருக்கமாக பிபிடி என்பார்கள். இன்றைக்கும் கடையில் விற்கும் பெரும்பாலான நிரந்தரச் சாயங்களில் அதுவோ அதன் பங்காளிகளோதான் இருக்கின்றன. நிறமற்ற, மிகச் சிறிய மூலக்கூறு. டியூபிலுள்ள அமோனியா முடியை ஊதவைத்து, மேலே ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும் செதில்களைத் தளர்த்துகிறது. பிபிடி உள்ளே நுழைகிறது. கூடவே ரிசார்சினால், மெட்டா-அமினோஃபீனால் போன்ற ‘கப்ளர்’ மூலக்கூறுகளும் நுழைகின்றன. பின்னாலேயே டெவலப்பரிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து பிபிடியை ஆக்சிஜனேற்றம் செய்ய, அது கப்ளரோடு கைகோத்துப் பெரிய, நிறமுள்ள மூலக்கூறாகிறது. வாய் குறுகிய சீசாவுக்குள் கொண்டைக்கடலையைப் போட்டு ஊறவைத்தால் காலையில் கவிழ்த்தாலும் வராது அல்லவா, அப்படித்தான். சிறிதாக உள்ளே போனது பெரிதாகி மாட்டிக்கொள்கிறது. ஷாம்பூ போட்டாலும் போகாததற்கு முதன்மையான காரணம் இதுவே.

எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பது யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது. பிபிடி, ரிசார்சினாலோடு சேர்ந்தால் பச்சை கலந்த பழுப்பு. மெட்டா-அமினோஃபீனாலோடு சேர்ந்தால் செம்மை கலந்த பழுப்பு. இயற்கையான பழுப்பு என்று பெட்டியில் படம் போட்டிருப்பது இப்படிப் பல நிறங்களின் கூட்டணி. அந்தக் கூட்டணியின் தொகுதிப் பங்கீட்டைத் தயாரிப்பாளர் டியூபுக்குள்ளேயே முடித்துவிடுகிறார். நம் கையில் விட்டிருப்பது இரண்டே விஷயங்கள்: டெவலப்பர் எவ்வளவு, நேரம் எவ்வளவு. அந்த இரண்டையும்தான் நாம் குத்துமதிப்பாகச் செய்கிறோம்.

என் இரண்டாவது கிண்ணத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டால் தவறு எவ்வளவு சாதுவாகத் தோன்றி எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும்.

பெட்டி கேட்ட விகிதம் ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். 40 கிராம் பசைக்கு 60 கிராம் டெவலப்பர். டெவலப்பரில் பெராக்சைடு 6 சதவீதம். அப்படியானால் 60 கிராமில் 3.6 கிராம் பெராக்சைடு. மொத்தக் கலவை 100 கிராம் என்பதால் தலைக்குப் போகும் கலவையில் பெராக்சைடு 3.6 சதவீதம், பசை 40 சதவீதம். இப்போது கை தவறி 60-க்குப் பதில் 80 கிராம் ஊற்றிவிட்டோம். பெராக்சைடு 4.8 கிராம், கலவை 120 கிராம். பெராக்சைடு 4 சதவீதமாக ஏறிவிட்டது, பசை 33 சதவீதமாக இறங்கிவிட்டது. அதாவது சாயத்தின் மூலப்பொருள் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோன அதே நேரத்தில், முடியின் சொந்த நிறத்தைக் கரைக்கிற பொருள் கூடிவிட்டது.

இரண்டு தவறும் ஒரே திசையில் இழுக்கின்றன என்பதுதான் இதில் வில்லங்கம். நரைமுடிக்குச் சாயம் போதவில்லை, அதனால் பூச்சு மெலிந்து கண்ணாடித்தாள்போல வெளிறித் தெரிகிறது. பக்கத்திலிருக்கும் கறுப்பு முடியிலோ பெராக்சைடு மெலனினைக் கொஞ்சம் அரிக்கிறது. கறுப்பு முடி வெளுக்கும்போது நேராக வெள்ளைக்குப் போகாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். முதல் படியே செம்பட்டை. மூடுவதற்கு மேலே போதுமான சாயம் இல்லாததால் அந்தச் செம்மை எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு நீர்த்த கலவை வழிந்து, ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் நிற்கிறது. அத்தையின் இடப்பக்கம் இந்த மூன்றின் கூட்டு விளைவு.

எதிர்த்திசையில் தவறினாலும் நிம்மதி இல்லை. டெவலப்பர் குறைந்தால் பசை கட்டியாகி முடியின் இடுக்குக்குள் இறங்காது. நிறம் கேட்டதைவிட இருண்டு போகலாம், ஆக்சிஜனேற்றம் முழுமையாக நடக்காமல் வினைபுரியாத பிபிடி மிஞ்சவும் கூடும். ஒவ்வாமைக்குப் பேர்போனது இந்த பிபிடிதான். தலையில் படும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பே ‘கலந்த பிறகு’ என்றுதான் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லும் சோதனையை நம் ஊரில் யாரும் செய்வதில்லை. பத்து வருடமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்பது வாதமும் ஆகாது. பழகப் பழகத் தோல் திடீரென்று ஒருநாள் எதிர்க்கத் தொடங்குவதுதான் இந்த ஒவ்வாமையின் இயல்பு.

டெவலப்பர் பாட்டிலில் 10, 20, 30, 40 வால்யூம் என்று போட்டிருப்பார்கள். பிளஸ் ஒன் வேதியியலில் ஹைட்ரஜன் பாடம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மங்கலாக நினைவிருக்கலாம். ஒரு மில்லி கரைசல் முழுவதும் சிதைந்தால் எத்தனை மில்லி ஆக்சிஜன் வாயு வரும் என்பதுதான் அந்த எண். 20 வால்யூம் என்றால் ஒரு லிட்டரிலிருந்து 20 லிட்டர் ஆக்சிஜன். நம்பாவிட்டால் போட்டுப் பாருங்கள்: 6 சதவீதம் என்றால் லிட்டருக்கு 60 கிராம். மூலக்கூறு எடை 34. 60-ஐ 34-ஆல் வகுத்தால் 1.76 மோல். இரண்டு மோல் பெராக்சைடுக்கு ஒரு மோல் ஆக்சிஜன் என்பதால் 0.88 மோல், அதை 22.4 லிட்டரால் பெருக்கினால் 19.8. ஆக 10 வால்யூம் என்பது 3 சதவீதம், 30 என்பது 9, 40 என்பது 12. நரையை மூட மட்டும் என்றால் 20-க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். வீட்டில் 40 இருக்கிறது, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் 20 ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கின்படி ஆகும். ஆனால் அந்தப் பாட்டிலில் பெராக்சைடு சிதையாமலிருக்க அமிலமும் நிலைநிறுத்திகளும், வழியாமலிருக்கக் கொழகொழப்பும் சேர்த்திருக்கிறார்கள். அவையும் பாதியாகிவிடும்.

சரி, எதைக் கொண்டு அளப்பது?

எங்கள் தெருமுனையில் பார்லர் வைத்திருக்கும் அக்கா அளப்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். சமையலறைத் தராசு ஒன்று, வெற்றிலைப் பெட்டி அளவு. அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் கிண்ணம். பொத்தானை அழுத்தினார், எண் பூஜ்ஜியமானது. டியூபை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து 40 வரும்வரை பிதுக்கினார். 41 என்று காட்டியதும் பிரஷ்ஷின் வால்முனையால் ஒரு துளியை வழித்து எடுத்தார். மறுபடி பொத்தான், மறுபடி பூஜ்ஜியம். டெவலப்பரை அதே கிண்ணத்தில் நேராக ஊற்றி, 60-இல் நிறுத்தினார். பிறகு அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்கினார், திட்டு ஒன்றுகூட இல்லாதவரை. பக்கத்தில் அளவுக்கோடு போட்ட கோப்பை ஒன்று சும்மா கிடந்தது. “அது டீ குடிக்க” என்றார்.

அவர் செய்ததில் பாடப்புத்தகத்துக்கான விஷயம் இருக்கிறது. கோப்பையில் அளந்து கிண்ணத்தில் கொட்டினால் கோப்பையின் சுவரில் ஒரு படலம் தங்கும். கெட்டியான கிரீமில் அது சில கிராம்கூட வரும். கோட்டை மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் வேறு. பசைக்குள் காற்றுக்குமிழி இருந்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும், எடையில் சேராது. கிண்ணத்திலேயே நிறுத்தால் இந்த மூன்று தொல்லையும் ஒரேயடியாக ஒழிந்தது. பெட்டியில் மில்லி என்று போட்டிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். 6 சதவீதப் பெராக்சைடின் அடர்த்தி தண்ணீரைவிட 2 சதவீதம் அளவுக்கே கூடுதல், ஆகவே 60 மில்லி என்பதை 60 கிராம் என்று எடுத்துக்கொண்டால் போகும் பிழை ஒரு கிராம்தான்.

தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிராம் நுட்பமுள்ள தராசில் 40 என்பது 39.5-க்கும் 40.5-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது, கவலையில்லை. ஆனால் செம்மையை அடக்க நீலச் சாயம் 2 கிராம் சேர்க்க வேண்டும் என்றால்? 1.5-உம் 2 என்று காட்டும், ஏறக்குறைய 2.5-உம் 2 என்றே காட்டும். கால் பங்கு பிழை. அந்த அளவில் நீலம் கூடினால் பழுப்பு சாம்பல் பூத்துவிடும். இன்னொரு சூட்சுமம், மலிவான தராசுகள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் சிறு மாற்றங்களைத் தாமாகவே அழித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கும். மெதுவாக, இழை இழையாகப் பிதுக்கினால் அரை கிராம் போன பிறகும் எண் அசையாது. சிறு அளவுகளுக்கு நகைக்கடைப் பாணித் தராசுதான் நியாயம். பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்ததற்கும் இதே காரணம்தான்.

பொடிச்சாயத்தில் சிக்கல் வேறு மாதிரி. அரிசி வாங்கிய தலைமுறைக்கு இது சொல்லாமலே புரியும்: குலுக்கி அளந்த படி வேறு, குலுக்காமல் அளந்த படி வேறு. பாக்கெட்டில் அழுந்திக் கிடக்கும் பொடியை ஒரு ஸ்பூன் எடுப்பதும், கொட்டி உதிர்த்துவிட்டு ஒரு ஸ்பூன் எடுப்பதும் ஒரே எடை அல்ல. நம் ஊர்ப் பொடிச்சாயங்கள் பலவற்றில் பிபிடியோடு ஆக்சிஜன் தரும் பேரியம் பெராக்சைடும் சேர்ந்தே இருக்கும், தண்ணீர் பட்டதும் வினை தொடங்கும். பாதிப் பாக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மடித்து வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். போக்குவரத்தில் குலுங்கி வந்த பாக்கெட்டில் கனமான துகள் கீழேயும் லேசான துகள் மேலேயும் பிரிந்திருக்கலாம். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே பொருளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஈரப்பதம் ஏறினால் இன்னும் மோசம். தண்ணீரைக் குறைத்தாலும் வம்பு, கலவை தலையிலேயே காய்ந்து போகும், காய்ந்தால் வினை நின்றுவிடும்.

மருதாணி அரைத்துப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து பெருமளவு தப்பித்தவர்கள். அதிலுள்ள லாசோன் என்ற நிறமி ஏற்கெனவே நிறத்தோடு இருக்கிறது, முடியின் கெரட்டினோடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் இன்னும் கருக்கும். ஆனால் அதே இரும்புச் சட்டியில் பெராக்சைடுச் சாயத்தைக் கலக்கிவிடாதீர்கள். இரும்பும் செம்பும் பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும் வினையூக்கிகள். அளந்து ஊற்றிய 60 கிராமில் ஒரு பகுதி தலைக்குப் போகும் முன்பே வீணாகலாம். பார்லரில் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

இவ்வளவு துல்லியமாக நிறுத்துக் கலக்கினாலும் தலை ஒரே சீராக வரும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஏனென்றால் தலைமுடி ஒரே சீரான பொருள் அல்ல. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று வைத்தால், 60 சென்டிமீட்டர் பின்னலின் நுனி ஐந்து வயது கிழவி. ஐந்து வருட வெயிலையும் சீப்பையும் சிகைக்காயையும் பார்த்தது. செதில்கள் தேய்ந்து சாயத்தை ஸ்பாஞ்சுபோல உறிஞ்சும். வேர்ப்பகுதி புதுசு, மழமழப்பாகத் தள்ளும். ஆனால் மண்டையின் சூடு வேரின் பக்கம் இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய விதி. அதனால் வேரை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் தனி வேகத்தில் ஓடும். சித்திரை மாத மதுரையிலும் மார்கழி மாத ஊட்டியிலும் அதே கலவை அதே அரை மணியில் ஒரே வேலையைச் செய்யாது.

கடிகாரம் ஓடத் தொடங்குவது தலையில் தடவும்போது அல்ல, கிண்ணத்தில் கலக்கும்போது. மூலக்கூறுகள் முடிக்கு வெளியிலும் சேரத்தான் செய்யும். கிண்ணத்தின் ஓரம் கருத்துக்கொண்டே வருவது அதற்குச் சாட்சி. வெளியிலேயே பெரிதாகிவிட்ட மூலக்கூறு இனி உள்ளே நுழையாது, மேலே ஒட்டிக் கழுவும்போது போய்விடும். கலக்கி வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அமோனியாவும் பறந்துகொண்டிருக்கும். அமோனியா இல்லாதது என்று விற்பவற்றில் பெரும்பாலும் எத்தனாலமைன் இருக்கிறது. அது எளிதில் பறக்காது, மூக்கில் ஏறாது, காரம் காரம்தான். முன்கூட்டியே பூசிய இடத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், பார்லர் அக்கா காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் தொடங்குவார். அடம்பிடிக்கும் நரை அங்கேதான் அதிகம். நுனிக்குக் கடைசியில்தான் போவார். ஒரு தலைக்கு இரண்டு கிண்ணம் தேவைப்படும் என்றால் இரண்டாவதை முதல் கிண்ணம் தீரும் தறுவாயில்தான் கலக்குவார், அதே 40, அதே 60. நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் அந்த எண்களும், கலக்கிய மணியும், கழுவிய மணியும் மட்டும் இருக்கும். ஆறு வாரம் கழித்து அதே ஆள் வந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

கல்யாணத்தன்று அத்தை இடப்பக்கத்தை முந்தானையால் மறைத்தபடியே எல்லா போட்டோவிலும் நின்றார். அடுத்த முறை தராசோடு போனேன். 40, 60, மணி 7.10. இரண்டு கிண்ணமும் ஒன்றுபோல வந்தன. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தது. இரண்டாவது கிண்ணத்தில் பாதி மிஞ்சியதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடி ஃபிரிட்ஜுல வச்சிரவா? அடுத்த மாசத்துக்கு ஆகும்ல.”

“ஆகாது அத்தை. நிறமெல்லாம் இங்கேயே சேர்ந்து முடிஞ்சிரும். பாட்டிலும் தாங்காது.”

அரைக் கிண்ணத்தில் டெவலப்பர் 30 மில்லி. 20 வால்யூம். அதை அப்படியே அவர் முன்னால் பெருக்கிக் காட்டினேன்: முழுதாகச் சிதைந்தால் 600 மில்லி வாயு. ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, மிச்சக் கலவையைத் தண்ணீரில் கரைத்து பாத்ரூமில் ஊற்றினார்.